வயலின்காரரின் மோதிர விரல்

அம்மாவுக்கும் கச்சேரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் பாமாலைகளை மற்றவர்களைவிட அரை வரி முன்னால் பாடி முடித்துவிட்டு, சபையார் வந்து சேரும்வரை காத்திருப்பாள். அவளுடைய சங்கீதம் அவ்வளவுதான். அதனால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சாப்பாட்டு மேசைமேல் போட்ட அழைப்பிதழை எடுத்துப் படித்துவிட்டு அவள் "நானும் வரேன்" என்றபோது, வேறு எதையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கம்மா?"

"இந்தக் கச்சேரிக்குத்தான். ரெண்டு பேருக்குன்னு போட்டு கீதே."

அழைப்பிதழில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு வயலின் வித்வானின் பெயர் இருந்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"இவர உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பஸ்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், துவைத்து மடித்து வைத்திருந்த நர்ஸ் சேலைகளை எடுத்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போது இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் படூருக்குப் பக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஒருத்தியின் சொந்தக்காரர்கள் மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில், கடற்கரைச் சாலையை ஒட்டிச் சின்னதாக ஓர் அரங்கம் கட்டியிருந்தார்கள். நூறு பேர்தான் உட்காரலாம், மைக்கே வைப்பதில்லை என்று அவள் பெருமையாகச் சொல்வாள். அந்த மாதக் கச்சேரிக்கு அவளால் போக முடியவில்லை. அழைப்பிதழ் என் கைக்கு வந்தது. சங்கீதம் எனக்கும் தெரியாதுதான். ஆனால் அந்த நாட்களில் வேலைக்கு வெளியே எதையாவது செய்துவிட வேண்டும் என்று ஒரு பறப்பு இருந்தது. சனி ஞாயிறுகளில்கூட அலுவலகத்திலிருந்து போன் வரும். கைபேசியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன்.

எங்கள் வீட்டில் யாருக்குமே ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் நர்ஸ். சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்து வருவாள். கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா, கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. வார்டில் ரவுண்ட்ஸ் போகிற கால் வீட்டிலும் போகும். அவளை இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதை நினைத்து எனக்கு வெள்ளிக்கிழமையே கவலை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். கச்சேரி ஆறு மணிக்கு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டவுனைத் தாண்டியதும் அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம். ஒரு ஞாயிறு மதியம். சென்னையிலிருந்து ஏதோ கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று ஜி.எஸ்.டி. சாலையில் கவிழ்ந்துவிட்டது. நான்கு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டிரைவர் நிலைமைதான் மோசம். டாக்டரும் இன்னொரு நர்ஸும் அவனோடு போராடிக்கொண்டிருந்தார்கள். வயலின் வித்வானுக்கு வேறெங்கும் அடியில்லை. இடது கை மட்டும் வேன் கதவில் மாட்டி நசுங்கியிருந்தது. மோதிர விரல் வீங்கி, நாவல்பழ நிறத்துக்கு வந்து, அதில் இருந்த தங்க மோதிரம் சதைக்குள் புதைந்துகொண்டிருந்தது.

"டாக்டர் திரும்பிக்கூடப் பாக்கல. 'சிஸ்டர், அந்த மோதிரத்த எடுங்க, இல்லன்னா விரலு போயிடும்'னு அங்க இருந்தே கத்தினாரு. சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தேன். நூலைச் சுத்தி இழுத்துப் பாத்தேன். வரல. அறுக்கறதுன்னு எடுத்துக்கினு வந்தேன்."

"எதால?"

"அதுக்குன்னே ஒண்ணு கீது. டின்னு தொறக்கறது மாதிரி சின்னச் சக்கரம். சுத்தினா மோதிரத்த மட்டும் அறுக்கும். அவரு அதப் பாத்துட்டு 'வேணாம், வேணாம், அது என் குருநாதர் போட்டது'ன்னு ஒரே அலறல். நான் கேப்பனா? கைய முட்டியால அமுக்கிக்கினு சுத்தினேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப இன்னா சொன்னாரு தெரியுமா? 'என் விரல்ல வச்ச இந்தக் கை விளங்காமப் பூடும்'னாரு."

சிரிப்பு உதட்டில் இருந்தது. ஆனால் இடது கை அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். சமையலறையில் கையிலிருந்து ஏதாவது நழுவி விழுந்தால், விழுந்த பாத்திரத்தைப் பார்க்க மாட்டாள். தன் கையைப் பார்ப்பாள். வயதாகிறது, வேலை அதிகம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

"அந்தச் சாபத்தையா இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருக்க?"

"சீ. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கெடயாது. ஜெபம் பண்ற கைக்குச் சாபம் இன்னா செய்யும்?" என்றாள். "அன்னிக்குச் சாய்ங்காலமே அவர மெட்ராசுக்குக் கூட்டிப் பூட்டாங்க. விரல வச்சாங்களா, எடுத்தாங்களான்னுகூடத் தெரியல. அது தெரிஞ்சா போதும்."

மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஐந்து மணிக்கெல்லாம் அரங்க வாசலில் நின்றோம். கேட்டே திறக்கவில்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அம்மா சுற்றுச்சுவரை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், முதல் வரிசையில் நட்டநடுவில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் தான் உட்கார்ந்து, இன்னொன்றில் பையை வைத்தாள். அந்த நாற்காலிகளின் முதுகில் காகிதம் ஒட்டியிருந்தது. யாருக்கோ ஒதுக்கி வைத்தவை. கைத்தறிப் புடவை கட்டிய அம்மையார் ஒருவர் வந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"இங்க ஒக்காந்தாதான் எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

அந்த அம்மையாருக்கு என்ன தோன்றியதோ, கண் பார்வை சரியில்லாதவள் என்று நினைத்தாரோ, சரி என்று காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போய்விட்டார். நான் வெட்கத்தில் சுருங்கிப்போய் உட்கார்ந்தேன்.

வட்டமான அறை அது. செங்கல் கூரை. மேடை என்று சொல்வதற்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு, அதில் ஜமக்காளம். எங்களுக்கும் அந்த ஜமக்காளத்துக்கும் இடையே இரண்டு கை தூரம்தான். நூறு பேரும் வந்து உட்கார்ந்தபிறகு யாராவது தொண்டையைச் செருமினால் அது எல்லோருக்கும் கேட்டது.

வித்வான் பக்கக் கதவு வழியாக வந்தார். கையில் வயலினைத் தானே எடுத்து வந்தார். பின்னால் அவர் மகள் தம்புராவுடன் வந்தாள், நாற்பது வயதிருக்கும். மிருதங்கக்காரர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். பெரியவர் சம்மணமிட்டு உட்காரச் சற்று நேரமாயிற்று. பிறகு ஒரு குட்டி எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து, பஞ்சில் தொட்டு, இடது கை விரல்களில் தடவிக்கொண்டார்.

அம்மாவின் விரல்கள் என் தொடையைப் பிடித்து அழுத்தின.

"விரலு கீதுடி" என்றாள். அவள் ரகசியம் என்று நினைத்துச் சொன்னது நான்கு வரிசைக்குக் கேட்டிருக்கும். ஒரு நொடி கழித்து, "மூணு வெரலுக்குத்தான் எண்ணெ வச்சாரு. அத உட்டுட்டாரு" என்றாள்.

நானும் பார்த்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல். மோதிர விரல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்து, நேராக, பென்சிலைப்போல நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் வில்லைக் கம்பியில் வைத்தார். மைக் இல்லாமல் வயலினைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர் வழியாகக் கேட்ட சத்தத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. வில் திரும்பும் இடத்தில் மயிரிழைகள் கம்பியை உரசுவது கேட்டது. ஒவ்வொரு நீண்ட இழுப்புக்கும் முன்னால் அவர் மூக்கால் மூச்சு வாங்குவது கேட்டது. நடுவில் அவர் முனகுவதும் கேட்டது. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் தன் மனைவியிடம் "கரகரப்பிரியா" என்று சொன்னார். எனக்கு அது பேராக மட்டும் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் நேராக நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. கொஞ்ச நேரம் நான் கைபேசியை மறந்தேன்.

கொஞ்ச நேரம்தான். அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள். பிரம்பு நாற்காலி, அவள் அசையும்போதெல்லாம் முனகியது. பையைக் கீழே வைத்தாள். எடுத்து மடியில் வைத்தாள். அதில் இருந்த பிளாஸ்டிக் உறை சரசரத்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வயலினின் தலைப்பகுதி மறைக்கிறது என்று வலப்பக்கம் சாய்த்தாள். தன் மடியில் தன் இடது கையை வைத்துக்கொண்டு, நான்கு விரலையும் மடக்கி, மோதிர விரலை மட்டும் நீட்டிப் பார்த்தாள். அது அவளுக்கு நிற்கவில்லை. மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கியது. வலது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினாள்.

பின்னாலிருந்தவர் "உஸ்ஸ்" என்றார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்று அவள் காதில் சொன்னேன்.

"நீ அவரு சுண்டுவிரலப் பாரு."

பார்த்தேன். அதன்பிறகு எனக்கும் வேறெதையும் பார்க்க முடியாமல் போயிற்று. வேகமான இடங்களில் நடுவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குத் தாவினார். இடையில் இருந்த விரல் எதற்கும் உதவாமல் காற்றில் நின்றது. பாதை நடுவே ஒருவன் வழிவிடாமல் நிற்க, மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் போல இருந்தது. ஓர் இடத்தில் சுண்டுவிரல் எட்டவில்லை. சத்தம் ஒரு மயிரிழை கீழே நின்றது. அவர் உடனே அந்த இடத்துக்கே திரும்பிப் போனார். மறுபடி அதே தாவல், அதே உயரம். இந்தத் தடவை எட்டிப் பிடித்து, அங்கேயே நின்று, வில் முழுவதையும் இழுத்தார். அரங்கமே "ஆகா" என்றது. வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்தார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"வலிக்குது அவருக்கு" என்றாள் அம்மா.

அவள் சொன்னபிறகு எனக்கும் அவர் முனகல் வேறு மாதிரிக் கேட்டது. அது லயிப்பா, வலியா என்று தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அலுவலகம். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவரைப் போலப் பார்த்தார். நான் பேட்டரியையே கழற்றிவிட்டேன். திங்கட்கிழமை என்ன சொல்வது என்ற கவலை உடனே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்கு ஒரு தவிப்பு, எனக்கு ஒரு தவிப்பு. முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் மாறி மாறி முனகின.

அரை மணி கழித்து மிருதங்கக்காரருடைய தனி ஆவர்த்தனம் வந்தது. பெரியவர் வயலினை மடியில் கிடத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையைத் தளரத் தொங்கப்போட்டார். அம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"எங்க போற?"

"இப்ப அவரு சும்மாதானே ஒக்காந்துகினு கீறாரு? போய் ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கைத்தறிப் புடவை அம்மையார் ஓரமாகக் குனிந்து வந்து, "ஏதாவது வேணுங்களா? தண்ணி ஏதும்?" என்று கேட்டார். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. இனி எந்தக் காலத்திலும் இவளை எங்கும் கூட்டிப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கச்சேரி எட்டு மணிக்கு முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓயுமுன் அம்மா மேடை ஓரத்துக்குப் போய்விட்டாள். நான் பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பெரியவர் திட்டின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மகள் ஊற்றிக்கொடுத்த வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா வணக்கமும் சொல்லவில்லை, கச்சேரி நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை.

"கையக் காட்டுங்க" என்றாள்.

வார்டில் பேசுகிற குரல் அது. அவர் டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையை நீட்டிவிட்டார். நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் நீட்டுவார்கள். அம்மா அதைத் தன் உள்ளங்கையில் வாங்கி, மோதிர விரலின் நடு மூட்டை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினாள்.

"மடக்குங்க பாப்போம்."

"மடங்காதும்மா. நீங்க டாக்டரா?"

"நர்சு. செங்கல்பட்டு. உங்க வேன் கவுந்தப்ப நான்தான் ட்யூட்டியில இருந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. மகள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோதிரத்த அறுத்தது நீங்கதானா?" என்றார் அவர்.

"நான்தான்."

"இன்னும் கால் மணி நேரம் சோப்புப் போட்டுப் பாத்திருக்கலாமேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடம் கழித்தும் அவருக்கு அந்த ஆதங்கம் அப்படியே இருந்தது. அம்மாவும் விடுவதாக இல்லை.

"போட்டேன். நூலும் சுத்தினேன். நீங்க போட்ட சத்தத்துல பக்கத்து வார்டுல இருந்து ஆளுங்க வந்து நின்னாங்க. இன்னும் கால் மணி ஆயிருந்தா விரல வெட்டித்தான் எடுத்திருப்பாங்க."

"எங்க குருநாதர் இந்த விரலுக்குன்னு போட்ட மோதிரம். ராகத்துல ஒரு பிடியை இந்த விரல்ல வாசிச்சேன்னு, அங்கயே, சபையில கூப்பிட்டு, தன் கையில இருந்ததைக் கழட்டிப் போட்டார். இருபத்திரண்டு வயசு எனக்கு. அதுக்கப்புறம் கழட்டினதே இல்லை."

"கழட்டாததாலதான் மாட்டிக்கிச்சு" என்றாள் அம்மா.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அவர் கையை விடவில்லை.

"நீங்க அன்னிக்கு என்னப் பாத்து ஒண்ணு சொன்னீங்க. நெனப்பு கீதா?"

"என்ன சொன்னேன்?"

"என் கை விளங்காமப் போவும்னு சொன்னீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. மகள் பக்கம் திரும்பினார். "நீ கூட இருந்தியே. அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்கப்பா" என்றாள் மகள் தலையைக் குனிந்துகொண்டு. "இவங்களை மட்டும் இல்ல. டாக்டரைச் சொன்னீங்க, டிரைவரைச் சொன்னீங்க, வேனைத் தூக்கினாங்களே அந்த ஆளுங்களைச் சொன்னீங்க. என்னையும்தான் சொன்னீங்க."

"எல்லாரையுமா?" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தை இன்றைக்கும் என்னால் சரியாக விளக்க முடியாது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவுதானா என்று தோள் இறங்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் முதலில் வந்தது ஏமாற்றம். எட்டு வருடமாகத் தனக்கென்று தரப்பட்டது என்று வைத்துக்கொண்டிருந்ததை, ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னால் எப்படி இருக்கும்?

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். வலது கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, வலியில சொன்னது. தப்புத்தான். பெரிய தப்பு." பிறகு குழந்தையைப்போல முகத்தை முன்னால் நீட்டிக் கேட்டார். "விளங்குதா? கை நல்லா இருக்கா?"

"விளங்குது, விளங்குது" என்றாள் அம்மா. "மணிக்கட்டுல மட்டும் கொஞ்சம் வலி. அது வயசு."

"எனக்கும் விரல் போனது ஒரு விதத்துல..." என்று ஆரம்பித்தவர், "இல்ல, ஒரு விதத்திலயும் நல்லதில்ல. நாலு விரல் வேலையை மூணு விரல் செய்யுது. ஒவ்வொரு கச்சேரியும் வழுக்குப் பாறைமேல நடக்கற மாதிரி இருக்கு. மோதிரத்தை என் வீட்டம்மா உருக்கிட்டா. என்னைக் கேக்கக்கூட இல்ல. மகளுக்குத் தோடு பண்ணிட்டா" என்றார்.

மகள் தன்னையறியாமல் காதைத் தொட்டுக்கொண்டாள்.

"பயிற்சி செஞ்சீங்களா? கட்டுப் பிரிச்சதும் தெனம் வெந்நீர்ல வச்சி மடக்கச் சொல்லியிருப்பாங்களே?"

"பத்து நாள் செஞ்சேன். வலிச்சுது. விட்டுட்டேன்."

"அதான்!" அம்மாவின் குரல் கூரை வரை போனது. "மெனக்கெட்டு விரலக் காப்பாத்திக் குடுத்தா, இவரு பத்து நாள்ல உட்டுட்டாரு. அப்பறம் நான் சோப்புப் போடலன்றாரு!"

அவர் சிரித்துவிட்டார். பல்லில்லாத பக்கம் தெரியச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் விரலை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பேட்டரியைப் போட்டுக் கைபேசியை உயிர்ப்பித்தேன். ஏழு அழைப்புகள். அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா சவுக்குத் தோப்பு இருட்டில் நடைபோட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும் பக்கத்தில் வந்து நின்றாள். தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் இருக்கிறதா என்று பார்க்க வந்தாள். இருந்தது. சாபத்தையும் அவரே தன் வாயால் திரும்ப எடுத்துக்கொண்டார். இனி என்ன?

"அந்த மூட்ட நான் அமுக்கினப்போ உள்ள லேசா ஆடிச்சி பாப்பா. முழுசா இறுகல" என்றாள்.

மறுநாள் டியூட்டிக்குப் போனதும் எலும்பு டாக்டரைப் பிடித்திருக்கிறாள். எட்டு வருடம் கழித்து ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது சிஸ்டர் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரிதாக வேண்டாம், சிறிதாக என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்து, நோட்டுத்தாளில் வரிசையாக எழுதச் சொன்னாள். வெந்நீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், எந்த மூட்டைப் பிடித்துக்கொண்டு எதை மடக்குவது, காலையில் எத்தனை தடவை, படுக்குமுன் எத்தனை தடவை. படம்கூடப் போட்டோம். விரல் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை கிழித்தாள். கடைசியில் "வலித்தாலும் விடக்கூடாது" என்று தன் கையெழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டாள். தோழி மூலம் அரங்கத்தின் விலாசத்தை வாங்கி, வித்வானிடம் சேர்க்கவும் என்று உறையின்மேல் எழுதித் தபாலில் போட்டோம்.

பதில் வரவில்லை. சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. சில வாரங்கள் தபால்காரர் வரும் நேரத்தில் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். வேறு எதற்கோ வந்ததுபோலத் துடைப்பத்தை எடுப்பாள்.

இரண்டு வருடம் கழித்து அம்மா ஓய்வு பெற்றாள். வீட்டில் இருக்கத் தெரியாமல் சர்ச்சுக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு மார்கழிக் காலையில், டிவியில் அவர் வாசிப்பதைக் காட்டினார்கள். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா போட்ட கத்தலில் பதறி ஓடிவந்தேன். அவர் இன்னும் மெலிந்திருந்தார். வாசிப்பு அதே மாதிரி நெஞ்சில் இடித்தது. அல்லது அன்று கேட்டதன் ஞாபகம் இடித்ததோ தெரியவில்லை. கேமரா அவர் முகத்தைக் காட்டியது. மூடிய கண்ணைக் காட்டியது. மிருதங்கக்காரரின் கைகளை நிதானமாகக் காட்டியது. சபையில் தலையாட்டிய ஒரு பெரிய மனிதரைக் காட்டியது. மறுபடி முகத்துக்கே வந்தது.

"கையக் காட்டுடா" என்றாள் அம்மா டிவியைப் பார்த்து. "அவரு மூஞ்சிய யாரு கேட்டா? கையக் காட்டு."

முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேகமான இடம் வந்தது. அம்மா டிவிக்கு இரண்டடி முன்னால் போய் நின்றாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், குனிந்தாள், திரைக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிடலாம் என்பதுபோலப் பெட்டியின் பக்கவாட்டுக்கே போனாள். என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றேன்.